மிச்சத் தாகம்

“உனக்குத்தான் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கே கோமு, அதுல இன்னும் ஒரு தாள் சேர்ந்தா என்ன குறைஞ்சிரும்?”

போன வருஷம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கோமதியிடம் அவள் அம்மா ஆவுடையம்மாள் இப்படிக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அகத்திக்கீரையை உருவிக்கொண்டே, குழம்புக்குப் புளி போதுமா என்று கேட்பதுபோலக் கேட்டாள். அம்மா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் அப்போது கோமதிக்குப் பட்டது.

ஃபைல் என்பது உண்மையிலேயே ஒரு ஃபைல்தான். பதினோராம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் கோமதியால் படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாமல் போயிற்று. காரணம் என்று சொல்ல எதுவும் இல்லை. நாலு மாதம் அப்படியே கிடந்தாள். பேச்சு நின்றது, சாப்பாடு நின்றது. முதலில் ஒரு கோயிலில் கொண்டுபோய் இருபத்தோரு நாள் தங்கவைத்தார்கள். பிறகு பெரியாஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் கோமதி தேறிவிட்டாள். ‘மனநலப் பிரிவு’ என்று மேலே எழுதிய அந்தப் பழுப்பு அட்டை மட்டும் தேறவில்லை. வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அப்பா வந்து தன் மகளுக்கு இடம் மாற்றித் தரச் சொன்னார். மறுநாளிலிருந்து கோமதி பள்ளிக்கூடம் போகவில்லை. பின்னாளில் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் ஊருக்குள் விசாரித்துவிட்டு, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது அவளுக்கு முப்பது வயது. புளியங்குடியில் ஓர் எலுமிச்சைக் கமிஷன் கடையில் பழம் தரம் பிரிக்கிறாள்.

அம்மா கேட்ட அந்தத் தாள் கோமதியின் நோய்க்கானது அல்ல. அண்ணன் நயினாருக்கானது.

நயினார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையும் மாலையும் இருபத்தாறு பிள்ளைகளை ஏற்றி இறக்குவான். இரண்டு நடைக்கும் நடுவே குடிப்பான். ஒருநாள் வேனைக் கண்மாய்க் கரையில் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேலேயே கவிழ்ந்து கிடந்தான். நல்லவேளை, வண்டியில் பிள்ளைகள் இல்லை. அம்மாவும் தங்கையும் போய்த் தண்ணீர் தெளித்து எழுப்பி, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

குடியை விட அவன் முயலாமல் இல்லை. மூன்று தடவை கோயிலில் கயிறு கட்டினான். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். பூசாரி கையில் கயிறு கட்டிவிடுவார். கயிறு இருக்கிறவரை தொடக்கூடாது. முதல் கயிறு ஐந்து மாதம் தாங்கியது. கூட்டாளி கல்யாணம் வந்ததும் பூசாரியிடமே போய், “ஒரு நாளைக்கு மட்டும் அவுத்து விடுங்க சாமி, நாளைக்கு வந்து கட்டிக்கிடுதேன்” என்றான். பூசாரியும் அவிழ்த்துவிட்டார். அந்த நாளை வரவே இல்லை. அடுத்த இரண்டு கயிறும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

அப்போதெல்லாம் கோமதி அவனைப் பார்த்துக் கேட்பாள். “ஒரு வைராக்கியம் வேண்டாமாண்ணே? மனசு வச்சா முடியாதா?”

நயினார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

பிறகுதான் பகிர்வுப் பட்டை வந்தது. ஊர்க்காரர்கள் அதையும் கயிறு என்றே சொன்னார்கள். மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு மறுவாழ்வு மையம் திறந்திருந்தார்கள். அங்கே ஆலோசகராக இருந்த ராயப்பன் இரண்டு கறுப்புப் பட்டைகளை மேசையில் வைத்து அவர்களுக்கு விளக்கினார்.

“குடிக்கிறவன் மண்டைக்குள்ள ஒரு மணி அடிச்சிக்கிட்டே இருக்கும்மா. குடி, குடின்னு. அந்த மணியை நிறுத்த இன்னைக்கு வரைக்கும் ஒருத்தராலயும் முடியல. ஆனா அடிக்கிற இடத்தை மாத்தலாம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. இந்தப் பட்டை அவரு கையில இருந்து தாகத்தை வாங்கும். அந்தப் பட்டை உங்க கையில கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரே ரத்தமா இருந்தா நல்லாச் சேரும்.”

“அப்ப எனக்கும் குடிக்கணும்னு வருமா?” கோமதி கேட்டாள்.

“தாகமா வரும். ஆனா சாராயம்னா என்னன்னே உங்க மண்டைக்குத் தெரியாதில்லா? எதுக்காக அடிக்கோம்னு தெரியாம அடிச்சு அடிச்சு அதுவே ஓய்ஞ்சிரும். ஒரு வருஷம்னு சொல்லுதாங்க.”

படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் ‘நோயாளி’ என்றும் மற்றதில் ‘தாங்கி’ என்றும் போட்டிருந்தது. ஆவுடையம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சார், நோயாளின்னு இவன் பேரு ஏறிச்சுன்னா லைசென்ஸைப் புடுங்கிருவாங்கல்லா? பொண்ணு தாரவன் நாளைக்குத் தேடிப் பாப்பாம்லா? அந்தக் கட்டத்துல மக பேரைப் போட்டுக்கிடுங்க. அவளுக்கு ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கு.”

ராயப்பன் அதிர்ச்சி அடையவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார். “பட்டைக்குப் பேரு தெரியாதும்மா. பேரு தாள்ல மட்டும்தான்” என்றார். முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் இதே வேலையைச் செய்தவர் போல, சற்றும் தயங்காமல் எழுதினார்.

தாள்படி கோமதி குடிகாரி. அவள் நோயைத் தாங்க வந்தவன் அண்ணன்.

பட்டை கட்டிய நான்காம் நாள், கடையில் பழம் பிரித்துக்கொண்டிருந்தபோது கோமதிக்கு அது வந்தது. முதலில் தண்ணீர்த் தாகம் என்றுதான் நினைத்தாள். ஒரு செம்பு குடித்தாள். இன்னொரு செம்பு குடித்தாள். வயிறு நிறைந்ததே தவிர, தாகம் இருந்த இடத்திலேயே இருந்தது. அது தொண்டையில் இல்லை. எங்கே என்று தொட்டுக் காட்ட முடியாத ஓர் இடத்தில், யாரோ உள்ளே நின்று கதவை இடிப்பதுபோல இடித்தது. மோர் குடித்தாள். எலுமிச்சம்பழத்தை அப்படியே கடித்துத் தின்றாள். பச்சரிசியை அள்ளி மென்றாள். விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. முதல் ரகத்துப் பழம் மூன்றாம் ரகத்துக் கூடையில் விழுந்தது.

மிச்சமிருக்கும் தாகத்தின் அளவாகப் பட்டையில் ஒரு சின்ன எண் தெரியும். கட்டிய அன்று நூறு. ஆடி முடிவில் எண்பது. ஐப்பசியில் அறுபத்து நாலு. அதோடு நின்றுவிட்டது.

நயினாரோ ஆளே மாறிப்போனான். முகத்தில் ரத்தம் ஊறியது. காலையில் குளித்து, திருநீறு பூசி, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினான். வேன் பிள்ளைகள் அவனை ‘நயினாண்ணே’ என்று கூப்பிட்டார்கள். ஒரு விழாவில் அவனை மேடையேற்றி, உடன்பிறந்தவளின் நோயைத் தாங்கியவர் என்று சான்றிதழ் கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். கூட்டத்தில் இருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட பையனுக்கல்லவா பெண் கொடுக்க வேண்டும் என்று வீடு தேடி வந்தார். தையில் கல்யாணம் நடந்தது. மணமகள் பெயர் பிரபாவதி. நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். நாத்தனாருக்கென்று ஒரு தனி டம்ளரை அடையாளம் பார்த்து எடுத்து வைத்தாள். அதைக்கூட யாரும் பார்க்காதபோதுதான் செய்தாள்.

கடையில் உடன் வேலை செய்தவர்கள் அத்தனை மறைவாகச் செய்யவில்லை.

“கோமு, நீ இந்தச் செம்புல வாய் வைக்காத தாயி.”

“வாய் வச்சா போதை ஏறிரும்லா.”

“மொதல்ல பைத்தியம், இப்ப குடி. அடுத்தாப்புல என்னவோ.”

சிரித்தார்கள். கோமதியும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். தாடை நடுக்கத்தில் பல் கிட்டிக்கொண்டது.

மாசி மாதம் ஒரு நண்பகலில் அவள் கால்கள் அவளைக் கேட்காமலே மதுக்கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தின. வரிசையில் நின்ற ஆண்கள் வழி விட்டார்கள். “முன்னால போ மதினி, அவசரம் போல” என்றான் ஒருவன். கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் நிமிர்ந்து பார்க்காமல், “என்ன வேணும்?” என்றான்.

கோமதிக்குத் தெரியவில்லை. உடம்பு முழுக்க வேண்டும் வேண்டும் என்று அலறியது. எது வேண்டும் என்று சொல்ல அவளிடம் ஒரு பெயர் இல்லை, ஒரு ருசி இல்லை, ஒரு ஞாபகம் இல்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். வெறுங்கையோடு விலகி, பக்கத்துச் சந்தில் நுழைந்து, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது நினைவுக்கு வந்தது. மனசு வச்சா முடியாதா என்று கேட்ட தன் வாயை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்தபோது செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நயினார் வாசலில் நின்றான்.

“கடைக்குப் போனியாமே. எனக்கு ஒரு மானம் மரியாதை இருக்கா இல்லியா?”

“குடிக்கலண்ணே.”

“ஏட்டி, கொஞ்சம் மனசை அடக்கக்கூடாதா? நான் அடக்கல?”

கோமதி அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. தாகம் போனதோடு அது எப்படி வதைத்தது என்ற நினைவும் அவனைவிட்டுப் போய்விட்டது. ஒரு காலத்தில் கொஞ்சம் குடித்தோம், பிறகு வைராக்கியமாக விட்டுவிட்டோம் என்று அவன் மனதார நம்பினான்.

ஆவுடையம்மாள் மட்டும் எல்லாம் தெரிந்தவள். நடுக்கம் வரும் நாட்களில் மகளின் கால்களை மடியில் போட்டுத் தேங்காயெண்ணெய் தடவிப் பிடித்துவிடுவாள். “ஆனி வரைக்கும்தான தாயி. பல்லைக் கடிச்சிக்கோ” என்பாள். கோமதி வைகாசி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வைகாசிக் கடைசியில் ராயப்பன் கடைக்கே தேடி வந்தார். பழக்கூடைகளுக்கு இடையே நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“முடிப்பு நாள் வருது கோமதியம்மா. முதல் நாள் கூப்பிடுதது உங்க ஜோடியைத்தான்.”

“அப்ப கழட்டிருவாங்களா சார்?”

“கழட்டிருவாங்க.” அவர் வேறு பக்கம் பார்த்தார். “ஆனா இது தானா ஓயலைன்னு இப்பத்தான் மேல கண்டுபிடிச்சிருக்காங்க. எல்லாருக்கும் அறுபது அறுபத்தஞ்சுல நின்னு போச்சு. அதனால புது விதி போட்டிருக்காங்க. மிச்சத்தை நோயாளிக்கே சொட்டுச் சொட்டாத் திருப்பணும். பாதியைத் திருப்புனாப் போதும், ரெண்டு பேருமே தாங்கிக்கிடலாம். மருந்தும் கொடுப்பாங்க.”

“நல்லதுதான சார்.”

“தாள்படி நோயாளி யாரு?”

கோமதியின் கையில் இருந்த பழம் நழுவியது.

“மிச்சம் உங்க பட்டையில இருக்கு, தாள்படி நோயாளியும் நீங்க, அதனால அது தானாத் திரும்பி வந்துட்டதா எடுத்துக்கிடுவாங்க. திருப்ப ஒண்ணும் இல்ல. ரெண்டு பட்டையையும் வெட்டி எடுத்து முத்திரை வச்சிருவாங்க. அப்புறம் எந்தப் பட்டையும் உங்ககிட்ட ஒட்டாது.”

“அறுபத்து நாலும் எனக்கா?”

“ஆமா.”

“எம்புட்டு நாளைக்கு?”

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். “அண்ணனைச் சொல்லச் சொல்லுங்க. அவரு வாயால சொன்னா தாளைத் திருத்தலாம். என் வேலை போகும். போகட்டும்” என்றார்.

மறுநாள் மத்தியானம், வேன் நிற்கும் புளியமரத்தடிக்குக் கோமதி போனாள். நயினார் பின் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முழுவதையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே துடைத்தான்.

“சொன்னா வண்டி போயிரும் கோமு.”

“பாதிதாண்ணே திரும்ப வரும். மருந்தும் கொடுப்பாங்க.”

“பிரபா வீட்டுல என்னைப் பத்தி என்ன நெனச்சிக் கட்டிக்கொடுத்தாங்கன்னு தெரியும்லா? அவ முழுகாம இருக்கா.”

“நான் கடைசிவரைக்கும் இப்படியே கெடக்கணுமா?”

அவன் துணியைப் பிழிந்தான். “உனக்கு இது ஒண்ணும் புதுசு இல்லையே. பதினாறு வயசுலயே நாலு மாசம் கெடந்தவதான நீ. எனக்குன்னா முடியாது.”

முடிப்பு நாள் வந்தது. காலை பதினோரு மணிக்கு மையத்தின் சின்ன அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் டாக்டர் மெர்லின், மூன்று வாரம் முன்புதான் சென்னையிலிருந்து வந்தவர். அவர் பக்கத்தில் ராயப்பன். எதிரில் நயினாரும் கோமதியும். கோமதியை ஒட்டி ஆவுடையம்மாள், மகளின் நடுங்கும் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திப் பிடித்திருந்தாள்.

டாக்டர் இரண்டு ஃபைல்களைத் திறந்து வைத்திருந்தார். ஒன்று புதியது, மற்றது பழுப்பு அட்டை.

“கடைசியா எப்ப குடிச்சீங்க கோமதி?”

“நான் குடிச்சதே இல்ல டாக்டர். தாளு மாறிப்போச்சு. இது எனக்குள்ளது இல்ல.”

டாக்டர் நயினாரைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான், வருத்தத்தோடு. “சின்ன வயசுலயே கொஞ்சம் அப்படித்தான் டாக்டர். அந்த ஃபைலைப் பாருங்க. இல்லாதது பொல்லாதது சொல்லுவா. நாங்கதான் தாங்கிக்கிட்டு இருக்கோம்.”

டாக்டர் பழுப்பு அட்டையைப் புரட்டினார். தன் நோய் இன்னொருவருடையது என்று நினைப்பதும் நோயின் ஒரு குறிதான் என்று அவர் படித்திருக்க வேண்டும். மெதுவாக ஒரு வரி எழுதினார். அவர் எழுதுவதைக் கோமதி தலைகீழாகப் படித்தாள். ‘மறுக்கிறார்.’ இனி அவள் எத்தனை தடவை உண்மையைச் சொல்கிறாளோ அத்தனை தடவையும் அந்தச் சொல் கனத்துக்கொண்டேதான் போகும்.

“சரி, இதை மட்டும் சொல்லுங்க” என்றார் டாக்டர், இதமாகவே. “குடிக்கணும்னு தோணுறப்ப எது நினைப்பு வருது? வாசனையா, ருசியா? முத்திரை வைக்கிறதுக்கு முன்னாடி இதைக் குறிச்சுக்கணும்.”

“ஒண்ணும் வராது. தாகம் மட்டும் வரும். எதுக்குன்னு தெரியாது.”

“ஏதாவது ஒண்ணு?”

“தெரியலையே டாக்டர்.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த நயினாருக்குப் பொறுமை போயிற்று. மாலை நடைக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். “அவ வெட்கப்படுதா டாக்டர். நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. முதல் மடக்கு கசக்கும். அது சும்மா, வாசல்ல நிக்கிற மாதிரி. ரெண்டாவதுலதான் நெஞ்சுக்குள்ள வெளக்கு ஏத்துன மாதிரி ஒரு சூடு பரவும். அப்புறம் காதுக்குப் பின்னால லேசா ஒரு மரமரப்பு. அதுவரைக்கும் மண்டைக்குள்ள நூறு பேரு உக்காந்து கத்திக்கிட்டு இருந்திருப்பான். ஒவ்வொருத்தனா எந்திரிச்சு வெளிய போவான். நாலாவதுல ஒருத்தனும் இருக்க மாட்டான். அவ்வளவு அமைதியா இருக்கும். யாரு மேலயும் கோவமே வராது. செத்துப்போன எங்க அப்பா மேலகூட…”

அவன் நிறுத்தினான். தன் வலது கை மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடிப்பதுபோல வளைந்திருப்பதை அவனே அப்போதுதான் பார்த்தான். மெல்ல விரலை விரித்தான்.

ராயப்பன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

“இதெல்லாம் தங்கச்சி உங்ககிட்ட சொன்னாங்களா?” டாக்டர் கேட்டார்.

“ஆமா… அவதான்.”

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். “ராயப்பன், இந்த மையத்துல முந்நூத்திப் பன்னெண்டு ஜோடி இருக்கு. அதுல இருநூத்தி எழுபது நோயாளிங்க பெண்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் ஏன் இப்படிக் குடிக்கிறாங்கன்னு ஆராயத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. மூணு வாரமா நான் ஊர் ஊராப் போய்க் குடிதண்ணியைச் சோதிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“பேரை மாத்தி எழுதலேன்னா ஒருத்தனும் வந்திருக்க மாட்டான் மேடம்” என்றார் ராயப்பன். “வீட்டுலயே செத்திருப்பானுங்க. ஒரு வருஷத்துல ஓய்ஞ்சிரும்னு நெனச்சேன்.”

டாக்டர் கோமதியின் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக ஃபைலைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

“தாளை முழுசாத் திருத்த அண்ணன் கையெழுத்து வேணும். ஆனா சந்தேகம் இருந்தா ஒரே ஒரு சொட்டைத் திருப்பிப் பார்க்கலாம்னு விதியில இருக்கு. அதுக்குப் பதிவுல நோயாளின்னு இருக்கிறவங்க கையெழுத்து போதும். அவருடையதா இல்லேன்னா அவருக்கு ஒண்ணும் ஆகாது. அவருடையதா இருந்தா பட்டையே அடையாளம் கண்டு ஏத்துக்கும். அப்புறம் அவர் மறுத்தாலும் தாள் தானா திருந்திடும். நீங்க கேட்டாத்தான் செய்வேன்.”

நயினார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். சுவர் இடித்ததும் நின்றான். பட்டை கட்டிய மணிக்கட்டை மறு கையால் மூடிக்கொண்டான்.

“வேண்டாம். வேண்டாம் டாக்டர். கோமு… வேண்டாம்னு சொல்லு. திரும்ப வந்துச்சுன்னா நான் செத்துருவேன். நீயாவது… நீயாவது தாங்குத.”

முகம் வெளுத்து, வாய் கோணி, குழந்தைபோல அவன் அழுதான். ஒரு வருஷமாகக் காணாமல் போயிருந்த அண்ணனைக் கோமதி இப்போதுதான் மறுபடி பார்த்தாள். அந்தப் பயம் அவளுக்குத் தெரியும். அந்த அறையில் அந்தப் பயத்தைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். டாக்டருக்கு அது படித்துத் தெரிந்தது, அம்மாவுக்குப் பார்த்துத் தெரிந்தது. சந்துச் சுவரில் நெற்றியை முட்டிய வலி கோமதிக்கு இன்னும் இருந்தது. அதைத்தான் அவள் அவனுக்குள் திருப்பி ஊற்ற வேண்டும்.

ஆவுடையம்மாள் அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். “கோமு, அவனுக்குப் பிள்ளை வரப்போகுது. வண்டியில இருபத்தாறு பிள்ளைய ஏறுதுக. நீ வீட்டுலயே இருக்கலாம் தாயி. இனிமே உன்னை நான் வேலைக்கு அனுப்பல. நான் இருக்கிற வரைக்கும் உன் காலைப் பிடிச்சு விடுதேன்.”

அம்மாவின் குரலில் பொய் இல்லை. சொன்னபடியே சாகும்வரை பிடித்துவிடுவாள். கோமதிக்கு ஒரு கணம் அப்படியே தலையசைத்துவிடலாம் போலிருந்தது. அவளுக்குப் பழகிய வழி அது. பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றபோதும் அப்படித்தான் தலையசைத்தாள்.

“டாக்டர், இவரு வண்டி ஓட்டக்கூடாது. ஒரு நாள்கூட” என்றாள்.

“ஓட்ட விட மாட்டோம். முதல் ஆறு வாரம் இங்கேயே வச்சிருப்போம்.”

“பாதிதான திருப்புவீங்க?”

“பாதிதான். முப்பத்திரண்டு. ஆறு மாசத்துல, சொட்டுச் சொட்டா.”

“மீதி எங்கிட்டயேவா?”

“ஆமா. அதுக்கும் மருந்து இருக்கு. சுலபமா இருக்கும்னு சொல்ல மாட்டேன்.”

“இருந்துட்டுப் போகுது” என்றாள் கோமதி. பிறகு அண்ணனைப் பார்த்தாள். “நீ ஒரு வருஷம் முன்னால சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தப்ப நான் ஒண்ணு கேட்டேன்லா. தெரியாமக் கேட்டுட்டேண்ணே. இனிமே கேக்க மாட்டேன்.”

கையெழுத்துப் போட வலது கை வேண்டும். அது அம்மாவின் கைகளுக்குள் இருந்தது. கோமதி இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது.

பேனா இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை ‘ச. கோமதி’ என்று எழுதினாள். எழுத்துகள் கோணலாக இருந்தன. இருந்தாலும் படிக்க முடிந்தது.

டாக்டர் எழுந்து போய்ச் சுவரோரம் இருந்த கருவியில் எதையோ தொட்டார். சத்தம் எதுவும் வரவில்லை. கோமதியின் பட்டையில் எட்டு மாதமாக அசையாத எண் அசைந்தது. அறுபத்து மூன்று. அவளுக்குள் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கதவை இடித்துக்கொண்டிருந்த ஆள் ஒரு தடவை மூச்சு வாங்க நின்றதுபோல மட்டும் இருந்தது.

நயினாரின் தொண்டை ஏறி இறங்கியது. நாக்கால் உதட்டைத் தடவினான். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ராயப்பன் ஓடிப்போய் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அம்மா” என்று கூப்பிட்டாள் கோமதி.

ஆவுடையம்மாள் காலியாகிப்போன தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றி மூடினாள். தரையில் கிடந்த மகனையும் நாற்காலியில் இருந்த மகளையும் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.